மலை மண் ரோட்டுக்கு எத்தனை சிசி வண்டி எடுப்பது?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்த ஊர் ஒட்டன்சத்திரம், வேலை கோயம்புத்தூரில். கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிப் பக்கம் தாத்தா காலத்துக் காபித் தோட்டம் இருக்கிறது. சனி, ஞாயிறு மலையேறி, தோட்டத்து மண் ரோடு, பூம்பாறை, மன்னவனூர் என்று சுற்றி வர ஒரு வண்டி வேண்டும். உயரம் ஐந்தரை அடி, எடை 68 கிலோ. 200 சிசி போதுமா, 250 எடுக்கலாமா, ஒரேயடியாக 400க்குப் போய்விடலாமா என்பது கேள்வி. நண்பர் ஒருவர் தன் பழைய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வண்டியைத் தருவதாகச் சொல்கிறாராம், அதை வாங்கலாமா என்றும் கேட்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தம்பி. நீங்கள் சொல்கிற பாதைகளுக்கு 200லிருந்து 250 சிசிக்குள், எடை 160 கிலோவை ஒட்டி இருக்கிற ஒற்றை சிலிண்டர் வண்டிதான் சரி. இதே பழனி மலைத் தொடரில் இருபது வருடத்துக்கு மேலாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் இருந்து ஆயிரம் சிசி வண்டி வரை இந்த ஏற்றங்களில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், கழற்றியும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். 400 உங்களுக்கு ஏன் வேண்டாம், யாருக்கு வேண்டும், 100 ஏன் பத்தாது என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை.

வண்டி வாங்க நினைக்கிற எல்லோரும் சிசியில் ஆரம்பிக்கிறார்கள். பாதையில் ஆரம்பித்தால் விடை சுலபமாக வரும். சித்தரேவில் இருந்து பெரும்பாறை, தடியன்குடிசை வழியாகத் தாண்டிக்குடி வரைக்கும் தார் ரோடு. பஸ் போகிறது. அதில் எந்த வண்டியும் ஏறும். உங்கள் தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் இருந்துதான் விஷயமே தொடங்குகிறது. நடுவில் புல் வளர்ந்து, இரண்டு பக்கமும் ஜீப் டயர் அறுத்த தடம். மழைத் தண்ணீர் ஓடி ஓடி அந்தத் தடம் முழங்கால் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். சில இடத்தில் பழைய காலத்தில் பாவிய கல், அதன்மேல் பாசி. சில்வர் ஓக் இலை உதிர்ந்து, நனைந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கும். பார்த்தால் மெத்தை மாதிரி இருக்கும், முன் சக்கரம் ஏறினால் எண்ணெய் மாதிரி வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் டயரில் அப்பிக்கொண்டால் பட்டன் டயரும் வழவழ டயரும் ஒன்றுதான். காபிப் பழம் எடுக்கிற வேலை தொடங்குவதும் அதே மாதங்களில்தான். அதனால் மழை நின்ற பிறகு போய்க்கொள்ளலாம் என்று தோட்டக்காரர் சொல்ல முடியாது.

இப்படிப்பட்ட பாதையில் என்ன வேகத்தில் போவோம்? நான் பல தடவை நேரம் பார்த்திருக்கிறேன். நாலு கிலோமீட்டர் போக இருபது நிமிடம் ஆகும். மணிக்கு 12 கிலோமீட்டர். நல்ல காலத்தில், காய்ந்த மண்ணில், 15, 20. அவ்வளவுதான்.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 160 கிலோ, ஆள் 75, பையும் சாமானும் 15, மொத்தம் 250 கிலோ. 100 மீட்டர் போனால் 20 மீட்டர் மேலேறுகிற ஏற்றம். எங்கள் பக்கம் அது நல்ல செங்குத்து. மணிக்கு 15 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு நாலு மீட்டருக்குச் சற்று மேல். அதாவது ஒவ்வொரு நொடியும் அந்த 250 கிலோவை எஞ்சின் சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்க வேண்டும். அதற்கு ஆகிற சக்தி 2 கிலோவாட், ஹார்ஸ்பவரில் இரண்டே முக்கால். செயினில் போகிற நஷ்டம், பொலபொலப்பான மண்ணில் டயர் புதைகிற நஷ்டம் எல்லாம் சேர்த்துத் தாராளமாகப் போட்டாலும் ஐந்து ஹார்ஸ்பவரைத் தாண்டாது.

ஐந்து ஹார்ஸ்பவர்! நாற்பது ஹார்ஸ்பவர் வண்டி வாங்கினால் அந்த ஏற்றத்தில் மீதி முப்பத்தைந்தும் சும்மா இருக்கும். அது சும்மா இருந்தாலும் அதைச் சுமக்கிற இரும்பின் எடை சும்மா இருக்காது.

இந்தக் கணக்கை நம்ப முடியவில்லை என்றால் பூம்பாறைக்குப் போங்கள். பூண்டு மூட்டை கட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல்கள் வயலில் இருந்து ரோட்டுக்கு ஏறி வருவதைப் பாருங்கள். எக்ஸ்எல் 100ல் இருப்பது 99.7 சிசி, 4.3 ஹார்ஸ்பவர். வண்டி எடை 90 கிலோவுக்குள். பின்னால் ஒரு மூட்டை, காலடியில் ஒரு மூட்டை, மேலே ஒரு பெரியவர். ஓட்டமாக வராது, நடையாகத்தான் வரும். ஆனால் நிற்காமல் வரும். அந்த வண்டி ஏறுவதற்குக் காரணம் எஞ்சின் பெரியது என்பதா? எடை குறைவு, மெதுவாகப் போவதற்கு ஏற்ற கியர் கணக்கு. இந்த இரண்டும்தான் மலை வண்டியின் உயிர். சிசி அதற்கு அடுத்தபடிதான் வரும்.

அப்படியானால் எக்ஸ்எல்லே வாங்கிக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் நான் அதைத்தான் சொல்வேன். நீங்களோ கோயம்புத்தூரில் இருந்து வரப்போகிறீர்கள். ஹைவேயில் லாரிக்கு நடுவில் 45 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்க வர முடியாது. ஒரே கியர் என்பதால் இறக்கத்தில் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் குறைவு. வயிற்றுப்புறம் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் கல்லில் இடிக்கும்.

சரி, 100, 125 சிசி கியர் வண்டி? எங்கள் பக்கத்து எஸ்டேட் மேஸ்திரிகளும் கணக்கெழுதுகிற ரைட்டர்களும் பாதிப்பேர் ஸ்ப்ளெண்டர்தான் வைத்திருக்கிறார்கள். 97.2 சிசி, 8 ஹார்ஸ்பவர், 112 கிலோ. தினமும் ஏறுகிறது, இறங்குகிறது. அவர்கள் ஒவ்வொரு கல்லையும் தெரிந்துவைத்து ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அந்த வண்டியில் மூன்று சங்கடங்கள் வரும். ஷாக் அப்சார்பருக்குப் போதிய ஆட்டம் கிடையாது, பள்ளத்தில் இறங்கினால் முதுகில் அடிக்கும். காட் ரோட்டில் பின்னால் ஆளை ஏற்றினால் இரண்டாவது கியரிலேயே முக்கிக்கொண்டு போக வேண்டும், முன்னால் போகிற பஸ்ஸைத் தாண்டுவதற்கு இடம் கிடைக்கும்போது இழுவை இருக்காது. மூன்றாவது சங்கடம் உயரம். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். எஞ்சின் ஒவ்வொரு தடவையும் இழுக்கிற காற்றில் ஆக்சிஜன் குறையும், எரிகிற பெட்ரோலும் குறையும். தாண்டிக்குடி சுமார் 1,300 மீட்டர். அங்கேயே எட்டில் ஒரு பங்கு சக்தி போய்விடும். கொடைக்கானல் 2,100 மீட்டர், ஊட்டி 2,240. அந்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போகும். ஷோரூமில் 8 என்று சொன்ன ஹார்ஸ்பவர் மன்னவனூரில் ஆறரை. 19 என்று சொன்னது 15. எல்லா வண்டிக்கும் ஒரே விகிதத்தில்தான் குறைகிறது, ஆனால் ஏற்கெனவே கொஞ்சமாக வைத்திருப்பவனுக்குத்தான் அந்த இழப்பு வலிக்கும். பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இன்னொரு தொல்லையும் சேரும். காற்று குறைந்தாலும் ஜெட் என்கிற சின்னத் துளை வழியாக வருகிற பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கலவை பெட்ரோல் மிகுந்து, பிளக் கருத்து, ஸ்லோ ஸ்பீடில் எஞ்சின் ஓட முடியாமல் அணைந்து அணைந்து போகும். எஃப்ஐ, அதாவது பெட்ரோலை அளந்து தெளிக்கிற ஃப்யூயல் இன்ஜெக்சன் வண்டியில் சென்சார் காற்றை அளந்து பெட்ரோலைக் குறைத்துவிடும். சக்தி குறைவதை அதனாலும் தடுக்க முடியாது, ஆனால் வண்டி திணறாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு விற்ற வண்டிகள் அநேகமாக எல்லாமே எஃப்ஐதான்.

150ல் ஒரு காலத்தில் முயற்சி நடந்தது. 2011ல் ஹீரோ இம்பல்ஸ் வந்தது. உயரமான ஷாக், அகலமான ஹேண்டில்பார், இந்த மலைக்கென்றே செய்ததுபோல் ஒரு வண்டி. எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்திருக்கலாம் என்பதுதான் ஓட்டிய பலரின் கருத்து, எனக்கும் அதேதான். 2019ல் அதே கம்பெனி எக்ஸ்பல்ஸ் 200ஐக் கொண்டுவந்தபோது அந்த இடைவெளி நிரம்பியது. இப்போது ஓடுகிற 4 வால்வு வண்டிக்கு 199.6 சிசி, 19 ஹார்ஸ்பவர், எடை 160 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, தரைக்கும் வயிற்றுக்கும் நடுவே 220 மில்லிமீட்டர், முன்னால் 21 இன்ச் சக்கரம். பெரிய சக்கரம் கல்லில் ஏறி இறங்கும், சின்ன சக்கரம் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஒன்றுக்காகவே இந்த வகை வண்டிகளை நான் சிபாரிசு செய்வேன். அதன் தம்பியாக வந்த 210ல் தண்ணீர் கூலிங், கூடுதல் சக்தி, ஆறாவது கியர். எடையும் ஒரு பத்து கிலோ கூடியிருக்கிறது. நீங்கள் ஹைவே ஓட்டுவதால் அந்தக் கூடுதல் கியர் உதவும். கவாஸாகி கேஎல்எக்ஸ் 230 இன்னும் மெலிசு, 139 கிலோதான். மண்ணுக்கு அதைவிட நல்ல வண்டி இந்த வரிசையில் இல்லை. ஆனால் சீட் உயரம் 880 மில்லிமீட்டர். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

இழுவையைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரத்தில் இழுவையின் அளவான நியூட்டன் மீட்டர் எவ்வளவு என்று பார்ப்பவர்கள், அது எத்தனை ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை தடவை சுற்றும்போது கிடைக்கிறது என்று பார்ப்பதில்லை. ஹிமாலயன் 411ல் 32 நியூட்டன் மீட்டர், நாலாயிரத்தை ஒட்டிய ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். முதலில் வந்த கேடிஎம் 390 அட்வென்ச்சரில் 37, ஆனால் ஏழாயிரத்தில். மண் ஏற்றத்தில் கல்லுக்கும் பள்ளத்துக்கும் நடுவே தேடித் தேடிப் போகும்போது எஞ்சின் இரண்டாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் நடுவில்தான் சுற்றும். அங்கே தெம்பு இல்லாத வண்டியை ரேஸ் கொடுத்துத்தான் ஓட்ட வேண்டும். ரேஸ் கொடுத்தால் பின் சக்கரம் சுழன்று பள்ளம் பறிக்கும். கேடிஎம் கெட்ட வண்டி என்று சொல்லவில்லை, தார் ரோட்டு வளைவுகளில் அதன் சுகமே தனி. ஆனால் அதன் குணம் மேல் ஆர்பிஎம்மில் இருக்கிறது, நம் பாதை கீழ் ஆர்பிஎம்மில் இருக்கிறது.

இதற்கு ஷோரூமில் டெஸ்ட் ரைடு எடுக்கும்போதே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முதல் கியர் போட்டு, கிளட்சை முழுக்க விட்டுவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் வண்டியைத் தானாக நகர விடுங்கள். பக்கத்தில் ஒருவரை நடக்கச் சொல்லுங்கள். அவர் சாதாரண நடையில் வண்டியோடு கூடவே வர முடிந்தால் அந்த முதல் கியர் மலைக்கு ஆகும். அவர் ஓட வேண்டியிருந்தாலோ வண்டி துடித்து அணைந்துபோனாலோ, ஏற்றத்தில் நீங்கள் நேரமெல்லாம் பாதி கிளட்சில்தான் இருப்பீர்கள். அப்படி ஓட்டிய வண்டிகள் திங்கட்கிழமை காலையில் என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும். மூடியைக் கழற்றும்போதே எண்ணெயில் கருகல் வாடை அடிக்கும். உள்ளே இரும்புத் தகடுகள் நீலம் பாய்ந்திருக்கும். இழுவை இல்லாத சின்ன வண்டிகள் மட்டும்தான் இப்படி வரும் என்று நினைக்காதீர்கள், பெரிய வண்டிகளும் வருகின்றன. ஹைவேக்காக முதல் கியரையே வேகமாகப் போகும்படி நீளமாக வைத்த வண்டியை நடை வேகத்தில் ஓட்டினால் நாற்பது ஹார்ஸ்பவர் இருந்தாலும் கிளட்ச்தான் அடி வாங்கும்.

எக்ஸ்பல்ஸ் மாதிரி வண்டியில் இதைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ள முடியும். செயினைச் சுழற்றுகிற முன் பல்சக்கரத்தில், அதாவது ஸ்ப்ராக்கெட்டில் 13 பல் இருந்தால் 12 பல் மாற்றுங்கள். எல்லா கியரும் சுமார் 8 சதவீதம் குட்டையாகும், அதே அளவுக்கு இழுவை கூடும். அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுற்றும் என்பதால் ஹைவேயில் சத்தமும் அதிர்வும் கூடும். செலவு என்று பார்த்தால் மலை வண்டிக்குச் செய்கிற எல்லா மாற்றத்திலும் இதுதான் மலிவு. என்னிடம் வருகிறவர்களிடம் வேறு எதையும் மாற்றுவதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன்.

இப்போது எடை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசி மாதம், ரிப்பேர் முடித்த 400 சிசி வகை வண்டி ஒன்றைச் சோதித்துப் பார்க்க எடுத்துக்கொண்டு பெரும்பாறைக்குக் கீழே ஒரு எஸ்டேட் ரோட்டில் இறங்கினேன். இருநூறு கிலோ வண்டி. இடது பக்கம் மேடு, வலது பக்கம் காபிச் செடி சரிவு. மழை விட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வளைவில் முன் சக்கரம் செம்மண்ணில் வழுக்கியது. நான் வேகமாகப் போகவில்லை, மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. வலது காலை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் தரை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. அவ்வளவுதான், வண்டி சரிவுப் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு அடி இல்லை. எழுந்து பார்த்தால் சக்கரங்கள் மேட்டுப் பக்கம், ஹேண்டில்பார் பள்ளத்தில், ஒரு காபிச் செடியின் கிளைக்குள் சிக்கி நிற்கிறது. அந்த நிலையில் வண்டியை நிமிர்த்த வேண்டும் என்றால், தரையில் இருந்து தூக்குவது போதாது, மலையை நோக்கி மேலே தள்ளவும் வேண்டும். நாலைந்து தடவை முயன்றேன். ஒவ்வொரு தடவையும் என் கால்தான் சேற்றில் வழுக்கியது. செல்போனில் சிக்னல் இல்லை. மூடுபனி இறங்கிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து, வேலை முடிந்து திரும்பிய இரண்டு அக்காமார் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கை கொடுத்தார்கள். மூன்று பேர் சேர்ந்துதான் நிமிர்த்தினோம்.

அதற்குப் பிறகு எக்ஸ்பல்ஸோடும் அதே ரோட்டில் விழுந்திருக்கிறேன். முதலில் வண்டியைப் படுத்த வாக்கிலேயே இழுத்துச் சுழற்றி, சக்கரம் பள்ளத்துப் பக்கம் வரும்படி திருப்பினேன். பிறகு கியரில் போட்டு, முதுகை சீட்டுக்குக் கொடுத்து, காலால் தள்ளி நிமிர்த்தினேன். மூன்று நிமிட வேலை. இருநூறு கிலோ வண்டியையும் இப்படித் திருப்பலாம்தான், காய்ந்த தரையில். சேற்றில், தனியாக, களைத்துப்போன பிறகு முடியாது. மண் ரோட்டில் எல்லோரும் விழுவார்கள் தம்பி. உங்கள் பயணம் எத்தனை மணிக்கு வீட்டில் முடியும் என்பதை எஞ்சினைவிட அந்த நாற்பது கிலோ வித்தியாசம்தான் தீர்மானிக்கும். எத்தனை சிசி என்று கேட்காமல், தனியாக எத்தனை கிலோவைத் தூக்குவேன் என்று நீங்கள் உங்களையே கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்த விழுகைக்கு எடை பாதிக் காரணம், கால் எட்டாதது மீதிக் காரணம். சமதரையில் இரண்டு காலும் எட்டுகிற வண்டியில்கூட, சரிவில் பள்ளத்துப் பக்கக் கால் அந்தரத்தில் நிற்கும். ஐந்தரை அடி உயரத்துக்கு 825 மில்லிமீட்டர் சீட்டில் நுனிப்பாதம் நன்றாக ஊன்றும், 800ல் ஏறக்குறைய முழுப் பாதமும் படியும். 880ல் ஒரு பக்கம் சாய்ந்தால்தான் எட்டும். கேஎல்எக்ஸ் லேசான வண்டி, உட்கார்ந்தால் ஷாக்கும் கொஞ்சம் இறங்கும், அதனால் பழகியவர்கள் ஒரு காலிலேயே சமாளிக்கிறார்கள். முதல் மண் வண்டியாக உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். எக்ஸ்பல்ஸின் ராலி ரகத்துக்கு சீட் 891, அதுவும் வேண்டாம்.

ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், ஆபத்து இறங்குவதில்தான் இருக்கிறது. நீலகிரியில் கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கி, அது சூடாகிப் பிடிக்காமல் போய் விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடுவதில்லை. ஏறிய கியரிலேயே இறங்கு என்று பஸ் டிரைவர்கள் சொல்வது பைக்குக்கும் அப்படியே பொருந்தும். இந்த விஷயத்தில் பெரிய சிலிண்டருக்கு ஒரு மரியாதை கொடுக்க வேண்டும். 411 மாதிரி எஞ்சின் முதல் கியரில் வண்டியைக் கயிறு கட்டிப் பிடித்தது போல் இறக்கும். 200ம் நன்றாகவே பிடிக்கும், கூடவே பின் பிரேக் கொஞ்சம் வேண்டும். பழைய ஆர்எக்ஸ் 100ஐத் தேடி வாங்கி மலைக்கு எடுத்து வருகிற தம்பிகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இறக்கத்தில் அந்த அளவுக்குப் பிடிக்காது. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்ற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எஃப்ஐ வண்டியில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கும்போது பெட்ரோல் தெளிப்பதையே நிறுத்திவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிந்துகொண்டிருக்கும்.

அப்படியானால் 400 யாருக்கு? மனைவியோடு டபுள்ஸ் போகிறவர், இரண்டு பக்கமும் பெட்டி கட்டுகிறவர், 90 கிலோவுக்கு மேல் இருக்கிறவர், ஒரு நாளில் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஹைவே ஓட்டிவிட்டு மலையேறுகிறவர். இவர்களுக்கு 200 சிசி வண்டி காட் ரோட்டில் மூச்சு வாங்கும். வெள்ளியங்காட்டில் இருந்து கெத்தை வழியாக மஞ்சூர் ஏறுகிற ரோட்டில் 43 கொண்டை ஊசி வளைவு. எல்லாம் தார். அங்கே ஹிமாலயன் 450ன் 40 நியூட்டன் மீட்டர், வளைவு முடிந்ததும் கியர் இறக்காமலேயே ஆளையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போகும். ஓட்டிப் பார்த்து ரசித்திருக்கிறேன். உங்கள் ஓட்டத்தில் பத்தில் எட்டுப் பங்கு இப்படி இருக்கும் என்றால் தாராளமாக 400 எடுங்கள், மண் ரோட்டில் கவனமாகப் போய்க்கொள்ளலாம். 650, ஆயிரம் சிசி வண்டிகளைப் பற்றி இந்தப் பாதைகளுக்கு நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

எந்த வண்டி எடுத்தாலும் எங்கே ஓட்டலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நான் மண் ரோடு என்று சொல்வது பஞ்சாயத்து ரோடும், சொந்தத் தோட்டத்து ரோடும், உரிமையாளர் அனுமதித்த எஸ்டேட் ரோடும்தான். கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடு 2013ல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பேரிஜம் ஏரிக்குப் போவதற்கே வனத்துறை அனுமதி வேண்டும். மன்னவனூர் பக்கம் புல்வெளியைப் பார்த்ததும் வண்டியை இறக்கிவிடத் தோன்றும், இறக்காதீர்கள். பட்டன் டயர் ஒரு தடவை கிழித்த புல் மூடுவதற்குள் அடுத்த மழை வந்து அந்தக் கோட்டை வாய்க்காலாக அறுத்துவிடும். புல்வெளியும் சோலையும் பிடித்துவைத்து விடுகிற தண்ணீரில்தான் கீழே எங்கள் தோட்டமெல்லாம் நிற்கிறது. சைலன்சரைக் கழற்றிச் சத்தம் போடும் வண்டியும் வேண்டாம். மூடுபனியில் வளைவைத் தாண்டி ஒரு காட்டு மாடு நின்றால், அது மிரளாமல் இருப்பதுதான் உங்களுக்கு நல்லது. 2024 மே மாதத்தில் இருந்து வெளியூர் வண்டிக்குக் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

கடைசியாக, நண்பரின் 411. அருமையான எஞ்சின், அடக்கமான சீட், மெதுவாகப் போவதற்கென்றே செய்த குணம். குறை ஒன்றே ஒன்றுதான், இருநூறு கிலோ. 2017ல் எஃப்ஐ வந்த பிறகு செய்த வண்டியா என்று முதலில் பாருங்கள், அதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டி என்றால் வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நடுவில் வந்ததும் தானாக ஒரு இடத்தில் உட்கார்ந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, எஞ்சின் கார்டில் அடி, ஏற்றத்தில் ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறாத கிளட்ச், இவற்றைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், விலை பேசுவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்த வண்டியைக் கடன் கேளுங்கள். தாத்தா தோட்டத்துக்கு ஓட்டிப் போங்கள். தோட்டத்தில் ஒரு சாய்ந்த இடமாகப் பார்த்து, பழைய சாக்கு நாலைந்து விரித்து, எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை அதன்மேல் மெதுவாகப் படுக்க வையுங்கள். யாரையும் கூப்பிடாமல் தனியாக நிமிர்த்துங்கள். ஐந்து நிமிடம் மூச்சு வாங்கிவிட்டு இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் நிமிர்த்த முடிந்தால் அந்த வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள், நான் தடுக்க மாட்டேன். முடியவில்லை என்றால் டேங்க் நிரப்பி, நண்பருக்கு நன்றி சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு, 200 சிசி வண்டிக்கு புக்கிங் போடுங்கள்.